பாட்டு நின்றால் சிலை

மதகடி, ரன்முதுவெல
2013 செப்டெம்பர் 5

என் அக்கா பெற்ற நில்மினிக்கு, பெர்டி மாமா எழுதுவது.

இரண்டு நாளில் பதினொரு தடவை உனக்குப் போன் எடுத்தேன். பதினோராவது தடவை உன் முன்பள்ளியில் கூட்டித் துடைக்கிற சோமலதா எடுத்தாள். "டீச்சர் உங்களோட பேச மாட்டாவாம். போன்ல உங்கள நிப்பாட்ட ஏலாதாம். சொல்றத எழுதித் தரட்டாம். நான் பாண் வாங்க வரும்போது வாங்கிட்டுப் போறன்" என்றாள். எழுதுவதில் எனக்கு என்ன பயம்? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டாலும், என் கையெழுத்தைப் பார்த்து மாத்தறையில் ஒரு நீதவானே "இது எந்த வழக்கறிஞர் எழுதியது?" என்று கேட்டிருக்கிறார்.

நேற்றுப் பெற்றோர் கூட்டத்தில் நீ என்னைப் பார்த்த பார்வையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? செவ்வாய்க்கிழமை காலை நான் பேக்கரிப் பாணும் பணிஸும் ஏற்றிய பாண் வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறேன். முன்பள்ளிக்குள்ளிருந்து முப்பது பிள்ளைகள் ஓடி வந்து வீதியில் நிற்கின்றன. வளைவில் தங்காலை பஸ் எண்பது மைல் வேகத்தில் வருகிறது. வேறு யாராவது என்றால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். நான் ஒரு கையால் பஸ்ஸை மறித்தேன், மறு கையால் பாட்டை மறுபடி போட்டேன், பிள்ளைகள் பாட்டைக் கேட்டு உள்ளே ஓடிவிட்டன. பஸ் டிரைவர் இறங்கி என் காலைத் தொட வந்தான். நான்தான் வேண்டாம் என்றேன். இதைச் சபையில் சொன்னது குற்றமா?

அந்த விளையாட்டு நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்றும் சொன்னேன்தான். என் பழைய வண்டியின் பாட்டுப் பெட்டியை உனக்குக் கொண்டுவந்து தந்தது யார்? பெட்டி என்னுடையது என்றால் அதை வைத்து ஆடுகிற ஆட்டமும் பாதி என்னுடையதுதானே. பாட்டு வந்தால் ஓடு, பாட்டு நின்றால் சிலையாக நில். இதை நான் மூன்று பள்ளிக்கூடங்களில் பரீட்சித்துப் பார்த்தேன் என்று சொன்னது உன் பெயருக்கு ஒரு பலமாக இருக்கட்டும் என்றுதான். பெற்றோர் சங்கத் தலைவராக இருக்கிற அந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ரணவீர அதைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இது டீச்சர் படிச்ச பாடமில்ல, பாண்காரர் சொன்ன பாடம்" என்று திருப்புவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடிதத்தோடு முதலை வடிவில் சுட்ட பணிஸ் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றின் வாலை எலி கடித்தது போல இருக்கும். அது எலி அல்ல, நான்.

உன் மாமா,
பெர்டி


முன்பள்ளி, ரன்முதுவெல
2013 செப்டெம்பர் 6

மாமாவுக்கு,

பணிஸை சோமலதா அக்கா சாப்பிட்டார்.

நீங்கள் எழுதியதில் உண்மை எவ்வளவு என்று பார்த்தேன். கிழமை சரி. பஸ் தங்காலை பஸ் என்பது சரி. மற்றதை நான் எழுதுகிறேன், ஒரு தடவையாவது யாராவது எழுதி வைக்க வேண்டும்.

பிள்ளைகள் முப்பது அல்ல, இருபத்திரண்டு. வீதிவரை போனவர்கள் பதினான்கு பேர். நீங்கள் தினமும் காலை ஆறரைக்கும் பின்னேரம் நாலுக்கும்தான் இந்தப் பக்கம் வருவீர்கள். பள்ளி நேரத்தில் உங்கள் பாட்டு இங்கே கேட்டதே இல்லை. அன்றைக்கு மட்டும் பத்தேகாலுக்கு வந்தீர்கள். கூட்டுறவுக் கடை வாசலில் கதை சொல்லிக்கொண்டு நின்றதாக சோமலதா அக்கா சொன்னார். தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறிக்காரர் வாசல் படலையைத் திறந்து போட்டிருந்தார். அது என் பிழை, நான் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று வாரமாக அதே பாட்டுக்குத்தான் அவர்கள் ஓடினார்கள். பெட்டியில் பாட்டு வந்தால் நான் முன்னால் ஓடுவேன், அவர்கள் என் பின்னால் வட்டமாக ஓடுவார்கள். நிறுத்தினால் சிலை. மறுபடி பாட்டு வரும்வரை இமைகூட ஆடக் கூடாது. அந்தப் பாட்டு வீதியிலிருந்து வந்தது, அவர்கள் வீதிக்கு ஓடினார்கள். நீங்கள் பயந்துபோய் பாட்டை நிறுத்தினீர்கள். அவர்கள் நின்றார்கள். தாரின் நடுவில், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கைகளை விரித்துக்கொண்டு, பதினான்கு சிலைகள். இத்தனை அழகாக அவர்கள் வகுப்பில் ஒருநாளும் நின்றதில்லை. நான் "வாங்க, உள்ள வாங்க" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. பாட்டு வரவில்லையே. நான் அப்படித்தானே பழக்கியிருந்தேன்.

பஸ் வளைவில் திரும்பியது. "மாமா, பாட்டப் போடுங்க" என்று மூன்று தடவை கத்தினேன். பிறகு உங்கள் வண்டிக்குள் கையை விட்டுப் பாட்டுப் பொத்தானை யார் அழுத்தினார்கள், பிள்ளைகள் யார் பின்னால் உள்ளே ஓடினார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் எனக்கே அந்தக் கதையை எழுதி அனுப்பாதீர்கள்.

மிஹிதுவின் நீலச் செருப்பு ஒன்று பஸ் சக்கரத்தின் அடியில் கிடந்தது. இரண்டரை வயது. ஜனவரியிலிருந்து கதவருகே தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை. பாட்டுப் பெட்டி வந்த மூன்றாம் நாள் அவன் கால் பெருவிரல் ஆடியது. ஐந்தாம் நாள் எழுந்தான். ஒன்பதாம் நாள் ஓடினான். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதேன். அவன்தான் வீதியில் எல்லாருக்கும் முன்னால் நின்றவன். அவன் அம்மா குமுது இனி அனுப்பமாட்டேன் என்றுவிட்டாள்.

ஒக்டோபர் பத்தாம் தேதி மாகாண அதிகாரி பள்ளியின் பதிவைப் புதுப்பிக்க வருகிறார். அதுவரை வகுப்பில் பாட்டு, ஆட்டம் ஒன்றும் கூடாது என்பது ரணவீர ஐயாவின் முடிவு. வீதியோரத்தில் இருக்கிற பள்ளியில் பாண் வண்டிப் பாட்டுக்குப் பிள்ளை வெளியே ஓடுமென்றால் பதிவு கொடுக்க வேண்டாம் என்று பெற்றோர் சங்கம் எழுதிக் கொடுக்கப் போகிறது. பள்ளி மூடினால் இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த முன்பள்ளி ஆறு கிலோமீட்டரில்.

மதகிலிருந்து, பள்ளியைத் தாண்டி, அரச மரம்வரை நீங்கள் பாட்டுப் போடக் கூடாது. அவ்வளவுதான்.

நில்மினி


மதகடி
2013 செப்டெம்பர் 9

நில்மினி மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கண்ணாடி போடாமல்.

பாட்டில்லாத பாண் வண்டி என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? பன்னிரண்டு வருடமாக இந்தப் பிரதேசத்தில் பாட்டைக் கேட்டுத்தான் சனங்கள் அடுப்பில் தேத்தண்ணி வைக்கிறார்கள். ஹுங்கமவில் ஒரு பெண்ணுக்கு என் பாட்டைக் கேட்டதும் பிரசவ வலி வந்து, பிள்ளை பிறந்து, அதற்கு என் பெயரை வைக்கப் போனார்கள். பெண் பிள்ளை என்பதால் விட்டுவிட்டார்கள்.

இருந்தாலும் அக்காவின் முகத்துக்காக ஒப்புக்கொள்கிறேன். மதகிலிருந்து அரச மரம்வரை பாட்டு இல்லை. மற்ற இடமெல்லாம் முன்னைவிடச் சத்தமாகப் போடுகிறேன். நேற்று ரத்னவெலவில் நான் பாட்டைப் போட்ட சத்தத்தில் ஒரு வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு நழுவியது. அங்கே பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், பணிஸ் வாங்குகிறார்கள், போகிறார்கள். யாரும் சிலையாக நிற்பதில்லை. அந்த வித்தையெல்லாம் உன் பள்ளியில் மட்டும்தான்.

பஸ் எண்பது மைலில் வந்தது என்று எழுதினேனே. டிரைவரிடம் கேட்டேன். அவன் சொன்னான், "மாமா, அறுபது இருக்கும்." நான்தான் அவனுக்காக விட்டுக்கொடுத்து நாற்பது என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பொத்தான் விஷயம். அதை விடு.

சின்னவனுக்கு எந்த அளவுச் செருப்பு?

பெர்டி மாமா


முன்பள்ளி
2013 செப்டெம்பர் 17

மாமாவுக்கு,

நீங்கள் வாக்கைக் காப்பாற்றியதற்கு நன்றி. ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

பாட்டில்லாத ஒன்பது நாளில் கடிபட்டவர்கள் ஏழு பேர். தினுலி சனுகவின் தோளைக் கடித்தாள், சனுக ஓஷதவின் காதைக் கடித்தான், ஓஷத என்னைக் கடித்தான். ரணவீர ஐயா வந்து பார்த்து, "எழுத்துப் பழக்குங்க டீச்சர், அடங்குவாங்க" என்றார். மூன்று வயதுப் பிள்ளையை ஒரு மணி நேரம் பாயில் உட்கார வைத்து எழுத்துப் பழக்கச் சொன்ன மனிதர், தான் பத்து நிமிடத்தில் மூன்று தடவை எழுந்து வெற்றிலை துப்பப் போனார்.  சோமலதா அக்காதான், "ஐயாவுக்கும் ஒரு பாய் போடவா?" என்று கேட்டுவிட்டார்.

இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. தினுலியின் அம்மா போன வாரம் ஒரு காலையில் வந்தாள். "டீச்சர், நேத்துப் பின்னேரம் வேற யாரோ பாண் வண்டி எங்க ஒழுங்கைக்குள்ள வந்தது. பாட்டுக் கேட்டதும் இவ படலையத் தாண்டி ஓடிட்டா. வண்டிக்காரன் பாட்ட நிப்பாட்டினான். இவ ஒழுங்கை நடுவுல ஒத்தக் கால்ல நிக்கிறா. தூக்கிட்டு வந்தன், மரக்கட்டை மாதிரி அப்படியே இருக்கா."

ஆகவே நீங்கள் பாட்டை நிறுத்தினாலும் போதாது. அது அவர்கள் கால்களுக்குள் போய்விட்டது. நான் போட்டதை நான்தான் எடுக்க வேண்டும். "ஓடாதே" என்று சொல்லி எடுக்க முடியாது. இந்த வயதில் "ஓடாதே" என்றால் "ஓடு" மட்டும்தான் காதில் விழும். அந்தக் கால்களுக்கு அதே பாட்டில் வேறு வேலை கொடுக்க வேண்டும்.

நான் யோசித்து வைத்திருப்பது தோணி. பாட்டு வந்தால் எல்லாரும் பாயில் வரிசையாக ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். முன்னால் இருப்பவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடித் துடுப்புப் போட வேண்டும். பாட்டு நின்றால் சிலை இல்லை. தோணி கரைக்கு வந்துவிட்டது, எல்லாரும் மல்லாந்து படுத்து மீன் மாதிரித் தூங்க வேண்டும். படுத்த பிள்ளை வீதியில் நிற்காது.

ரணவீர ஐயாவிடம் கேட்டேன். "உட்கார்ந்து ஆடுறதுன்னா ஆடுங்க" என்றார். நாலு நாளாகப் பெட்டியை வைத்துப் பழக்குகிறேன். பெட்டிக்கு எல்லாரும் உட்காருகிறார்கள். ஆனால் பெட்டி அறைக்குள் இருக்கிறது. வண்டிப் பாட்டு தூரத்தில் சின்னதாகத் தொடங்கி, வளைவில் மறைந்து, மறுபடி பெரிதாக வரும். அந்த வளர்ச்சிதான் அவர்களை எழுப்புகிறது. சோமலதா அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்து பார்த்தார். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

எனக்கு உங்கள் வண்டி வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. படலையைப் பூட்டி, சோமலதா அக்காவை வாசலில் நிறுத்தியிருப்பேன். மதகில் தொடங்கிக் கூட்டுறவுக் கடைவரை மட்டும், மெதுவாக, பாட்டோடு வாருங்கள். பிறகு நாளுக்கு நாள் இன்னும் கிட்ட வரலாம்.

கேட்க எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நில்மினி


மதகடி
2013 செப்டெம்பர் 21

அன்பு மகளுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் மதகில் நின்றேன். ஒன்பதே முக்காலுக்கே நின்றேன். ஆனால் நடந்ததைக் கேள்.

கதிர்காமத்துப் பக்கமிருந்து வந்த ஒரு குரங்கு. சாதாரணக் குரங்கு இல்லை, தாடி வைத்தது. அது என் வண்டியின் மேலே ஏறி, ஒலிபெருக்கியின் உள்ளே கையை விட்டு, இருந்த வயரையெல்லாம் இடியப்பம் மாதிரிப் பிடுங்கிப் போட்டது. நான் ஒரு இறாத்தல் பாணைக் காட்டி அதை இறக்கினேன். இறங்கி என் முன்னாலேயே உட்கார்ந்து அதைத் தின்றுவிட்டுத்தான் போனது. பாட்டுப் போட எனக்கு மனமில்லாமல் இல்லை. வயர் இல்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் சரி செய்துவிடுவேன். இந்தப் பெட்டியை முதன்முதல் இலங்கைக்குக் கொண்டுவந்த கம்பனிக்காரனே, எங்கே எந்தக் கம்பி என்று என்னிடம்தான் கேட்டான்.

தோணி நல்ல யோசனை. நான் சொல்ல நினைத்ததை நீ முந்திக்கொண்டாய். ஆனால் துடுப்புப் போடும்போது இடது பக்கம் கொஞ்சம் சாய வேண்டும், கடலில் அப்படித்தான். நான் திருகோணமலையில் மூன்று மாதம் மீன் பிடித்தவன்.

மாமா


முன்பள்ளி
2013 செப்டெம்பர் 25

மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை இருபத்தொரு பிள்ளைகள் முக்கால் மணி நேரம் தோணியில் உட்கார்ந்திருந்தார்கள். நேற்றுச் செவ்வாய்க்கிழமையும் உட்கார்ந்தார்கள். "டீச்சர், மாமாட பாட்டு எப்ப வரும்?" என்று தினுலி கேட்டுக்கொண்டே இருந்தாள். நேற்றைக்கு உங்கள் காரணம் மின்கலத்துக்குள் எறும்பு. அதை எழுதக்கூட இல்லை, சோமலதா அக்காவிடம் வாயால் சொல்லி அனுப்பினீர்கள்.

இன்று சோமலதா அக்காவை உட்கார வைத்துக் கேட்டேன். அவர் தங்கை ரத்னவெலவில் இருப்பது உங்களுக்குத் தெரியாதா? "டீச்சர், உங்க மாமா செப்டெம்பர் மூணாம் தேதிக்குப் பிறகு எங்கயும் பாட்டுப் போடல. ரத்னவெலவிலயும் இல்ல, ஹுங்கமவிலயும் இல்ல. வண்டிய ஒவ்வொரு வாசல்லயும் நிப்பாட்டி, இறங்கி, 'பாண், பாண்'னு கூப்பிடுறாரு. தொண்டை கட்டிப் போச்சு. பாதிச் சனத்துக்கு அவரு வந்ததே தெரியல. மத்தியானம் பாணத் திருப்பி பேக்கரிக்குக் கொண்டு போறாரு" என்றார்.

கூரையில் ஓடு நழுவிய கதையை நான் நம்பியிருந்தேன் மாமா. அதுதான் எனக்குக் கோபம்.

பதினைந்து நாள் இருக்கிறது. ஏன் என்று ஒரு தடவை நேராக எழுதுங்கள். குரங்கு வேண்டாம்.

நில்மினி


மதகடி
2013 செப்டெம்பர் 28

நில்மினிக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் மறுபடி குரங்கு வந்துவிட்டது.

அந்தப் பொத்தான் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறது. சிவப்பு. பன்னிரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் தடவை அழுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவேன், முழங்கையால் அழுத்துவேன், ஒரு தடவை மூக்கால் அழுத்திக் காட்டிப் பந்தயம் ஜெயித்தேன். இது நிஜம்.

அன்றைக்கு அவர்களைக் கண்டதும் பாட்டை நிறுத்தினேன். நிறுத்தினால் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். எனக்கு உன் விளையாட்டு தெரியாது மகளே. நான் சொல்லிக் கொடுத்தேன் என்று சபையில் சொன்னேனே, ஒரு நாளும் வந்து பார்த்ததுகூட இல்லை. அவர்கள் நின்றார்கள். அந்தச் சின்னவன் என் வண்டி விளக்குக்கு நேரே நின்றான். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். சிலை சிரிக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நீ கத்தியது எனக்குக் கேட்டது. மூன்று தடவையும் கேட்டது. என் விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே. நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் பஸ்ஸையும் மறிக்கவில்லை. அது உன் பின்னால் பிள்ளைகள் ஓடிய பிறகு தானாகத்தான் நின்றது. டிரைவர் என் காலைத் தொட வரவில்லை. இறங்கி வீதியோரம் உட்கார்ந்தான், நெருப்புப் பெட்டியைத் திறந்தான், குச்சியெல்லாம் கொட்டிப் போனது.

அடுத்த நாள் விடிய ரத்னவெலவில் விரலை வைத்தேன். அழுத்தாமலே எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தொண்டையால்தான் விற்கிறேன்.

நீ வேறு பாண் வண்டிக்காரனைக் கேள். பெலியத்தவில் ஒருவன் இருக்கிறான். பாட்டு எனக்குத்தான் நன்றாக வரும், ஆனாலும் அவனைக் கேள்.

பெர்டி


முன்பள்ளி
2013 செப்டெம்பர் 30

மாமா,

பெலியத்தக்காரர் வேண்டாம்.

மிஹிது ஜனவரியிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று எழுதினேனே. அவனை நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மற்றவர்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க விட்டேன், அவ்வளவுதான். அவன் விரல் ஆடியபோது பார்க்காதது போல இருந்தேன்.

நாளைக்குப் பத்து மணிக்கு வாருங்கள். வண்டி இல்லாமல். நடந்து வாருங்கள். தோணியில் கடைசியில் ஒரு இடம் இருக்கிறது.

நில்மினி


மதகடி
2013 ஒக்டோபர் 2

மகளுக்கு,

முழங்கால் இன்னும் நிமிரவில்லை. என் முன்னால் உட்கார்ந்த ஓஷதவின் இடுப்பு என் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. எனக்குப் பின்னால் பிடிக்க யாருமில்லை என்று தினுலி வந்து என் சட்டையைப் பிடித்தாள். "மாமா, நீங்க பெரிய மீன். தூங்கும்போது குறட்டை விடக் கூடாது" என்றாள். இந்த ஊரில் என்னை வாயடைக்க வைத்த முதல் ஆள்.

நீ பெட்டியை என் மடியில் வைத்ததும் இரண்டு தடவை விரலை வைத்து எடுத்துவிட்டேன். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஒருவனின் மூக்கைத் துடைத்தாய். வேண்டுமென்றே துடைத்தாய் என்று எனக்குத் தெரியும். அவன் மூக்கில் ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை அழுத்தினேன். நான் என்று இல்லை, ஓஷத என் விரலைப் பிடித்து அழுத்தினான். நாலாம் தடவை நான்.

நாளைக்கு மதகில் தொடங்குகிறேன். குரங்கு வந்தாலும் வருவேன்.

ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. போய்விட்டு வந்து சொல்கிறேன். சொல்லாமலும் விடலாம்.

மாமா


முன்பள்ளி
2013 ஒக்டோபர் 8

மாமா,

மூன்றாம் தேதி மதகிலிருந்து பாட்டு வந்தபோது ஒன்பது பேர் எழுந்தார்கள், இரண்டு பேர் கதவுவரை போனார்கள். நாலாம் தேதி ஐந்து பேர். நேற்று நீங்கள் கூட்டுறவுக் கடை தாண்டி வந்தபோது எழுந்தது சனுக மட்டும். அவனும் தோணிக்குத் துடுப்பு வேண்டுமென்று கூட்டுகிற தும்புத்தடியை எடுக்கத்தான் எழுந்தானாம்.

குமுது இன்று மிஹிதுவைக் கூட்டி வந்தாள். காலில் புதுச் செருப்பு. நீலம்தான், ஆனால் இரண்டு அளவு பெரிது. அவளே சொன்னாள். "டீச்சர், ஊர்ல எல்லாரும் பெர்டி மாமாதான் காப்பாத்தினாருன்னாங்க. அவரே வீட்டுக்கு வந்து, 'நான் இல்ல, நான் மரம் மாதிரி இருந்தன், டீச்சர்தான்'னு சொல்லிட்டு நிக்கிறாரு. அந்த மனுசன் தனக்கு எதிரா ஒரு கதை சொன்னா அது உண்மையாத்தான் இருக்கணும்."

ரணவீர ஐயாவிடமும் போனீர்களாம். அவர் என்னிடம் வந்து, "பத்தாம் தேதி அதிகாரி முன்னால வண்டி வரட்டும். ஒரு பிள்ளை வாசல் தாண்டினாலும் நான் எழுதினத எழுதினபடி குடுப்பன். தாண்டலன்னா கிழிச்சுடுறன்" என்றார்.

அன்றைக்குப் படலையைப் பூட்ட மாட்டேன் மாமா. பூட்டிய படலைக்குப் பின்னால் பிள்ளை உட்கார்ந்தால் அது பூட்டின் கெட்டித்தனம். வீதியின் இரண்டு பக்கமும் வாகனத்தை நிறுத்தி வைக்க அப்பாமார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மிஹிது மூன்று வாரத்துப் பழக்கத்தைத் தவறவிட்டவன். அவனுக்குத் தோணி ஒரு நாள்தான் தெரியும். அவனை வீட்டில் வைக்கலாமா என்று குமுது கேட்டாள். வேண்டாம் என்றேன். சொன்னதிலிருந்து நாலு தடவை படலைவரை போய் வந்துவிட்டேன்.

பத்தேகாலுக்கு வாருங்கள். அதே நேரம்.

நில்மினி


முன்பள்ளி
2013 ஒக்டோபர் 10

மாமா,

நீங்கள் நிற்காமல் போய்விட்டீர்கள், ஆகவே உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

அதிகாரி அம்மா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. மதகில் பாட்டுத் தொடங்கியது. தினுலிதான் முதலில் தலையைத் தூக்கினாள். "தோணி" என்றாள். களிமண் கையோடு ஓடிப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் ஓஷத, அவன் பின்னால் மற்றவர்கள். அதிகாரி அம்மாவின் சேலையில் ஐந்து விரல் களிமண். பாட்டு வளைவில் மறைந்து மறுபடி பெரிதாக வந்தது. இருபத்தொரு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மிஹிது எழுந்தான்.

வாசலைப் பார்த்து நடந்தான். அந்தப் பெரிய செருப்பு தட்டுத் தட்டென்று சத்தம் போட்டது. ரணவீர ஐயா நாற்காலியில் முன்னால் வந்தார். வாசலில் நின்ற சோமலதா அக்கா என்னைப் பார்த்தார், பிடிக்கவா என்று. நான் தலையை ஆட்டவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு எதுவும் வரவில்லை. உங்கள் விரல் எனக்கு அப்போது புரிந்தது மாமா.

கதவருகே, அவனுடைய பழைய இடத்தில், தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதை எடுத்தான். திரும்பி வந்தான். தோணியின் கடைசியில், நீங்கள் இருந்த இடத்தில் உட்கார்ந்து, போத்தலைத் தனக்குப் பின்னால் வைத்து அதற்கும் ஒரு இடம் கொடுத்தான். பிறகு ஆடினான்.

அரச மரத்தடியில் நீங்கள் பாட்டை நிறுத்தினீர்கள். எல்லாரும் மல்லாந்து படுத்தார்கள்.

ரணவீர ஐயா தாளை நாலாகக் கிழித்தார். "அடுத்த வருஷமும் இந்த வெற்றிலைய இங்கதான் துப்பணும் போல" என்றார் சோமலதா அக்காவிடம்.

நாளைக்குப் போன் எடுங்கள். எடுப்பேன்.

நில்மினி


மதகடி
2013 ஒக்டோபர் 11

நில்மினி மகளுக்கு,

போன் எடுக்கலாம்தான். ஆனால் இதை எழுதத்தான் வருகிறது.

மதகில் விரலை வைத்தேன். ஆடியது. ஆடிக்கொண்டே அழுத்தினேன். வண்டியை நடக்கிற வேகத்தில் விட்டேன். கூட்டுறவுக் கடை தாண்டினேன். உன் படலை திறந்து கிடந்தது. வளைவில் தங்காலை பஸ்ஸை மறித்து வைத்திருந்தார்கள். அதே டிரைவர். அவன் கையைத் தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. நான் படலையை மட்டும் பார்த்தேன். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது திறந்த வாசல், வெறும் தார், என் பாட்டு.

இன்று காலை எல்லா ஊரிலும் பாட்டுப் போட்டேன். ரத்னவெலவில் ஒரு கிழவர், "பாண்காரரே, செத்துட்டீங்கன்னு நினைச்சன்" என்றார். அவருக்கு ஒரு நல்ல கதை சொல்லி வைத்திருக்கிறேன், கொழும்பில் ஆஸ்பத்திரியில் என் தொண்டையை வெட்டித் திருப்பித் தைத்தார்கள் என்று. அது இருக்கட்டும்.

நேற்றைய கதையை மட்டும் நான் யாரிடமும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. கூட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருடம், வாசலுக்கு வாசல் யாராவது ஓடி வர வேண்டும் என்று பாட்டுப் போட்டவன். நேற்று மதகிலிருந்து அரச மரம்வரை பாட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

ஒரு பிள்ளையும் வரவில்லை.

உன் மாமா,
பெர்டி